அடுப்பு தொடாத அப்பாவின் ஸ்நாக்ஸ் டப்பா

ஜூன் 17, செவ்வாய்

பள்ளி திறந்ததிலிருந்து மகள் வெண்ணிலாவின் ஸ்நாக்ஸ் டப்பா என் பொறுப்பு. மனைவி புனிதா காலை ரயிலில் விழுப்புரம் துணிக்கடைக்கு ஓடிவிடுகிறாள். திண்டிவனத்தில் என் ஸ்டிக்கர் கடை பத்து மணிக்குத்தான் திறக்கும். நியாயமான ஏற்பாடு. அவளுடைய ஒரே நிபந்தனை: "அடுப்பு பக்கம் மட்டும் போவாத. போன தடவ தீச்ச வாணலியே இன்னும் வெளுக்கல."

முண்டியம்பாக்கம் டாக்டரின் நிபந்தனை வேறு. கோதுமை, மைதா, ரவை எதுவும் வெண்ணிலாவின் குடலுக்கு ஆகாது, கொஞ்சம்கூட. இரண்டாம் வகுப்புப் பிள்ளைக்கு பிஸ்கட் போச்சு, பன் போச்சு. ஆக, அடுப்பும் இல்லை, மாவும் இல்லை. மிச்சம் இருப்பது நானும் வாழைப்பழமும்.

ஜூன் 20, வெள்ளி

அவல் உருண்டை. அவலை ஊறவைத்துவிட்டு ஒரு நம்பர் பிளேட் டிசைனைப் பார்க்க உட்கார்ந்தேன் - எழுந்து வந்தால் பசை. சுவரொட்டி ஒட்டலாம். வெல்லம், தேங்காய்ப்பூ எல்லாம் போட்டும் உருட்ட வரவில்லை; ஸ்பூன் வைத்து அனுப்பினேன்.

டப்பா காலியாக வந்தது. "சித்தார்த்தன் பாதி துன்னுட்டாம்பா. கோந்து லட்டுன்னு பேரு வெச்சிருக்கான்." சித்தார்த்தன் இவள் பெஞ்சில் உட்காருபவன். ரசனையுள்ள பையன்.

ஜூன் 23, திங்கள்

வாழைப்பழ வில்லை, நடுவில் அரைத்த மல்லாட்டை - வேர்க்கடலைதான் - மேலே இன்னொரு வில்லை. "கிரீம் பிஸ்கட் மாதிரியே கீதுப்பா." கடைக்குப் போகும்வரை தரையில் கால் பாவவில்லை.

ஜூன் 26, வியாழன்

இன்று பெரிய வெற்றி. பொரி, பொட்டுக்கடலை, வறுத்த மல்லாட்டை, துருவிய கேரட், உப்பு, மஞ்சள், சொட்டு எண்ணெய். வயிற்றுக்கு நல்லது என்று தாராளமாகப் பெருங்காயத் தூள். கிண்ணத்தில் போட்டு அவளே குலுக்கினாள், பாதி தரையில். தினமும் இதுவே வேண்டுமாம்.

ஜூலை 1, செவ்வாய்

வயிற்றைப் பிடித்துக்கொண்டு வந்தாள். மோரில் பெருங்காயம் கலக்கிக் கொடுத்தேன். ராத்திரி இன்னும் மோசம்.

ஜூலை 3, வியாழன்

மறுபடியும் வலி. பள்ளியில் யாரோ பிஸ்கட் கொடுக்கிறார்கள். வேறென்ன? வீட்டில் நான்தான் காவல் இருக்கிறேனே.

"என்ன துன்ன? உண்மைய சொல்லு."

"பொரி மட்டுந்தாம்பா."

"அப்ப எப்டி வலிக்கும்?"

வகுப்பு டீச்சர் ஆரோக்கியசெல்வி மிஸ்ஸுக்குப் போன் செய்து, கொஞ்சம் கவனித்துக்கொள்ளச் சொன்னேன். பொறுப்பான தகப்பன்.

ஜூலை 4, வெள்ளி

ஸ்நாக்ஸ் நேரத்தில் மிஸ் அவளைத் தன் மேசைக்குப் பக்கத்தில் தனியாக உட்கார வைத்தார்களாம். சொன்னது புனிதாவிடம். என்னிடம் பேச்சில்லை. வலிக்கிறதா என்று கேட்டால் "இல்ல" என்கிறாள். கை மட்டும் வயிற்றிலேயே இருக்கிறது. வலியை என்னிடம் மறைக்கிறாள் - இதுதான் பயமாக இருக்கிறது.

ஜூலை 6, ஞாயிறு

காலையிலிருந்து என் கண்ணெதிரேதான் இருந்தாள். இட்லியும் தேங்காய்ச் சட்னியும், அப்புறம் பொரி, அப்புறம் பெருங்காய மோர். மத்தியானம் சுருண்டு படுத்துவிட்டாள்.

"நா இன்னிக்கி எங்கியும் போவலியேப்பா."

அவ்வளவுதான் சொன்னாள். எனக்கு எங்கே போய் முட்டிக்கொள்வது என்று தெரியவில்லை.

பொரிக்குப் போட்ட ஒவ்வொன்றையும் எடுத்துத் தரையில் வைத்துப் பார்த்தேன். பெருங்காய டப்பாவின் முதுகில், எறும்பு சைஸ் எழுத்தில் - கோதுமை மாவு. ஸ்டிக்கர் கடைக்காரன் நான். எறும்பு சைஸ் எழுத்து ஒட்டித்தான் சோறு தின்கிறேன். வயிறு வலிக்க வலிக்க அதையே கரைத்துக் கரைத்து ஊற்றியிருக்கிறேன், பாவி.

புனிதா டப்பாவை வாங்கிப் பார்த்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தாள். "நானும்தான் ரசத்துல ஒரு சிட்டிகை போட்டுக்கினு இருந்தேன். நீ ஸ்பூன்ல போட்ட." ஆறுதலா, திட்டா, தெரியவில்லை. முண்டியம்பாக்கத்துக்குப் போன் செய்தோம். அதை நிறுத்திவிட்டு இரண்டு நாளில் வந்து காட்டச் சொன்னார்கள்.

வெண்ணிலாவிடம் தப்பு என்மேல்தான் என்றேன். சுவர்ப் பக்கம் திரும்பியபடியே சொன்னாள்: "மிஸ் கிட்ட சொல்லு. எல்லார் முன்னாடியும்."

ஜூலை 7, திங்கள்

சொன்னேன். ஸ்நாக்ஸ் மணி அடித்ததும் வகுப்பின் முன்னால் நின்று, "வெண்ணிலா எதையும் திருட்டுத்தனமா துன்னல. நாந்தான் தெரியாம தப்பானதைக் குடுத்துட்டேன்" என்றேன். மிஸ் முகம் வாடிவிட்டது. "நானும் அவசரப்பட்டுட்டேன் சார்" என்றார்கள்.

சித்தார்த்தன் கையைத் தூக்கினான். "அங்கிள், அப்ப நீங்கதான மிஸ் பக்கத்துல உக்காரணும்?"

நியாயம்தானே. முழங்கால் தாடையில் இடிக்க அந்தக் குட்டி நாற்காலியில் மணி அடிக்கும்வரை உட்கார்ந்தேன். வகுப்பே சிரித்தது. வெண்ணிலா சிரிக்கவில்லை. ஆனால் எழுந்து வந்து ஒரு வாழைப்பழ வில்லையை என் கையில் வைத்துவிட்டுப் போனாள்.

ஜூலை 12, சனி

பெருங்காயம் இல்லாத பொரி. இப்போது சீரகப் பொடியும் எலுமிச்சையும். வலி குறைந்தது என்று செவ்வாய்க்கிழமையே டாக்டரிடம் சொன்னாள். என்னிடம் இன்னும் ஒற்றை வார்த்தைதான்.

ஜூலை 19, சனி

சித்தார்த்தனுக்குப் பிறந்தநாள். வீடு பெருமுக்கல் மலைக்கு அந்தப் பக்கம். பேரீச்சையும் மல்லாட்டையும் இடித்து உருட்டி நட்சத்திரமாக வெட்டி வெண்ணிலாவிடம் கொடுத்து உள்ளே அனுப்பினேன். வாசலிலேயே வண்டியை நிறுத்திக் காத்திருந்தேன். உள்ளே கேக் வெட்டும் சத்தம் கேட்டது. எட்டிப் பார்க்கவில்லை. ரொம்பக் கஷ்டம்.

திரும்பி வரும்போது மலையைத் தாண்டியும் நான் எதுவும் கேட்கவில்லை. நாக்கு நுனிவரை வந்ததை விழுங்கிக்கொண்டேன்.

"என்ன துன்னேன்னு கேக்கலியா?"

"கேக்கல."

என் முதுகில் கன்னத்தைச் சாய்த்துக்கொண்டாள்.

"கேக்கு தொடல. மேல இருந்த கிரீம் மட்டும் ஒரு விரல் நக்கிட்டேம்பா."

"சரி."

"வலிச்சா நானே சொல்றேன்."