சிவப்புப் பொத்தானைத் தொடாதே

அன்பு மகளுக்கு,

அம்மா, அப்பா இருவரின் ஆசிகள். நாங்கள் நலம். உன் நலம் கேட்டு எழுதுவதுதான் முறை. கேட்டால் நீ என்ன பதில் எழுதுவாய் என்று எனக்குத் தெரியும், அதனால் கேட்கவில்லை. போனில் பேசினாலும் "என்னம்மா, என்னம்மா" என்று கேட்டுவிட்டு, கடைசியில் புரிந்தது போல "சரிம்மா" என்று வைத்துவிடுகிறாய். கடிதத்தில் அந்தத் தொல்லை இல்லை.

பழைய கம்ப்யூட்டர் போய்விட்டது. ரிப்பேர்க்காரர் கழற்றிப் பார்த்துவிட்டு, "இத்தனை நாள் ஓடினதே நீங்க கும்பிட்ட சாமி புண்ணியம்மா" என்றார். நீ போட்டுவிட்டுப் போன இசை மென்பொருளும், அதை நானாகத் தட்டித் தடவிக் கற்றுக்கொண்டு கட்டிய பிரார்த்தனைப் பாட்டுகளும் அதோடு போயின. நான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு இருந்ததைப் பார்த்து, அப்பா தெரிந்தவர் ஒருவரிடமிருந்து ஒரு கையடக்க சின்தசைசர், அதான் சின்னக் கீபோர்டுப் பெட்டி, வாங்கி வந்தார். மடியில் வைத்தால் முட்டியைத் தாண்டாது. கட்டைகள் குழந்தையின் பல் மாதிரி.

மென்பொருளில் நான் மகாராணி. புல்லாங்குழல், வயலின், பின்னால் கோரஸ் என்று எத்தனை வரி வேண்டுமானாலும் அடுக்குவேன். தப்பு வந்தால் அரிசியில் கல் பொறுக்குவது போலப் பொறுக்கிப் போடலாம். இந்தப் பெட்டி ஒரே சமயத்தில் நான்கு சுரத்துக்கு மேல் தாங்காது. ஐந்தாவதை அழுத்தினால், முதலில் வந்தது சொல்லாமல் கொள்ளாமல் எழுந்து போய்விடுகிறது. ஒரே ஒரு பாட்டைத்தான் மனதில் வைத்திருக்கும். சிவப்புப் பொத்தான் பட்டால் இருந்தது அழிந்தது, திரும்ப வராது. மென்பொருளில் சிவப்பு என்றால் பதிவு, அந்தப் பழக்கத்தில் அதை அழுத்தி அழுத்தி இரண்டு பாட்டைத் தொலைத்தேன். "அது உங்கம்மா வீடு, என்ன பண்ணினாலும் மன்னிச்சுது. இது மாமியார் வீடுடி, பாத்து நடந்துக்கோ" என்று அப்பா கேலி செய்தார்.

சொல்ல வந்ததை விட்டு எங்கோ போகிறேன். கம்ப்யூட்டர் போவதற்குக் கொஞ்சம் முன்பு உனக்கு ஒரு பாட்டு அனுப்பினேனே. அனுப்பிய மறுநாள் திறந்து பார்த்தால், எல்லா வரியையும் ஊமையாக்கி வைத்திருந்தவள் அதை எடுத்துவிட மறந்திருக்கிறேன். உனக்கு வந்ததில் ஒரு பொட்டுச் சத்தம் கிடையாது. என் கூத்தைச் சொல்லிச் சிரிக்கலாம் என்று போனை எடுத்தால், உன் பதில் முந்திக்கொண்டு வந்திருந்தது. "ரொம்ப நல்லா இருந்துச்சும்மா. புல்லாங்குழல் வர்ற இடத்துல அழுதுட்டேன்."

அடுப்படியிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

அதற்குப் பிறகுதானே காது டாக்டர் சோதித்துக் கொடுத்த காகிதத்தைப் படமெடுத்து அனுப்பினாய். வரவு செலவு எழுதியே பழகிய கண் எனக்கு, யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. மேல் சுரம் எல்லாம் செலவுப் பக்கம் போய்விட்டது. அடியில் மட்டும் கொஞ்சம் கையிருப்பு. அதுவும் கரையும் என்கிறார்கள். மிஷின் இரைச்சலில் நிற்கிற வேலையை விட்டுவிடு என்றால், "விட்டா மட்டும் திரும்ப வந்துடுமா?" என்று எழுதுகிறாய். ஆண்டவனிடம் கணக்குக் கேட்பது என் வழக்கமில்லை. இந்த முறை கேட்டேன். இன்னும் பதில் இல்லை.

உனக்கு மிச்சமிருக்கிற அந்தக் கையிருப்புக்குள் அடங்குகிற மாதிரி ஒரு பாட்டு கட்டலாம் என்று உட்கார்ந்தேன். சுரத்தைக் கீழே இறக்க இதில் ஒரு பொத்தான் உண்டு. அது போகிற மட்டும் இறக்கினேன். புல்லாங்குழல் இல்லை, வயலின் இல்லை. யானை நடந்து வருவது போல அடிக்குரல் மட்டும். இரவுக் காவல் முடித்து வந்து அப்பா பகலில் தூங்குவார் அல்லவா, அதனால் ஹெட்போனை மாட்டிக்கொண்டே முழுவதையும் முடித்தேன். நன்றாகவே வந்திருந்தது. அவர் எழுந்ததும் ஹெட்போனைப் பிடுங்கிவிட்டு, கேளுங்கள் என்று போட்டேன்.

சத்தமே இல்லை. விளக்கு மட்டும் தாளத்துக்கு மினுக்கியது. இதன் ஸ்பீக்கர் ஒரு ரூபாய்க் காசைவிடக் கொஞ்சம் பெரிது, அடிச்சுரம் அதன் தொண்டையில் ஏறவே இல்லை. "என்னடி, பெட்டி வாயை அசைக்குது, சத்தத்தக் காணோம்" என்று அப்பா சிரித்தார். பிறகு சிரிப்பு நின்றுவிட்டது. "நம்ம புள்ளைக்கு இப்படித்தான் இருக்குமா?" என்று கேட்டார். நான் பாத்திரம் கழுவப் போய்விட்டேன். அன்று அவர் சாப்பாட்டை எடுத்துக்கொள்ளாமலே வேலைக்குப் போனார்.

போனில் பதிவு செய்து அனுப்பிப் பார்க்கலாம் என்றால் ஒன்றும் விழவில்லை. அதனால் பெட்டியையே உனக்கு அனுப்புகிறேன், ஹெட்போனோடு. என் புடவை ஒன்றில் சுற்றியிருக்கிறேன். பேட்டரி புதிது. பச்சைப் பொத்தானை அழுத்து, அது போதும். சிவப்பைத் தொட்டுவிடாதே, எனக்கு இன்னொரு முறை அதைக் கட்ட வராது. சத்தத்தைக் கூட்டிக் கூட்டி இருக்கிற காதையும் கெடுத்துக்கொள்ளாதே. பார்சல் வந்து சேர நாளாகும் என்று தபாலாபீசில் சொன்னார்கள். அதற்குள் உன்னிடம் எவ்வளவு மிஞ்சும் என்று கணக்குப் போட ஆரம்பித்து, பாதியில் பென்சிலை வைத்துவிட்டேன்.

கேட்காவிட்டால் கேட்கவில்லை என்றே எழுது. "நல்லா இருந்துச்சும்மா" என்று மட்டும் எழுதிவிடாதே, அதை இன்னொரு தடவை தாங்க மாட்டேன். பெட்டியைத் தபாலில் திருப்பி அனுப்பாதே, உடைந்துவிடும். நீயே கொண்டு வா.

உன்னைப் பார்த்துக்கொள்ளச் சொல்லித் தினமும் ஆண்டவனிடம் சொல்கிறேன். வரும்போது மணியை அடித்துவிட்டு வாசலில் நிற்காதே. "வர்றேன், வர்றேன்" என்று நான் உள்ளேயிருந்து கத்துவது உன் காதில் விழாமல் போகலாம். கதவைச் சாத்தித்தான் வைத்திருப்போம், தாழ் போட மாட்டோம். தள்ளிக்கொண்டு வந்துவிடு கண்ணே.

இப்படிக்கு,
உன் அம்மா