நின்றுகொண்டு சொல்லக் கூடாத சேதி

என் அருமை மாமா,

உங்கள் ஊட்டுக்காரி சாந்தாமணிதான் எழுதுகிறேன். நீங்கள் போய் ஏழு மாதம் ஆகிறது. பனியன் கம்பெனி வழக்கம்போல ஓடுகிறது. உங்கள் கட்டிங் மேசையில் இப்போது பீகார்க்காரர் ஒருவர் நிற்கிறார். துணியை வீணாக்குவதில்லை, குறை சொல்ல முடியாது. நான் அதே செக்கிங்தான். ஓட்டையோ கறையோ கண்ணில் பட்டால் அந்த இடத்தில் ஒரு அம்பு ஸ்டிக்கரை ஒட்டித் தள்ளி வைக்கிறேன்.

புதுச் சேதி ஒன்று உண்டு. வியாழக்கிழமைதோறும் மதியம் பர்மிஷன் போட்டுவிட்டு, நீங்கள் கடைசியாகக் கிடந்த அதே ஆஸ்பத்திரிக்குப் போய் வருகிறேன். உடம்புக்கு ஒன்றுமில்லை, பதறாதீர்கள். நர்சுகளுக்குப் பாடம். எட்டாவது தாண்டாதவள் பாடம் எடுக்கிறாளா என்று சிரிப்பீர்கள். சிரித்துக்கொள்ளுங்கள்.

உங்கள் இறப்புச் சர்டிபிகேட் வாங்கப் போன அன்று மேட்ரனம்மாவிடம் வாயை விட்டுவிட்டேன். "இனி ஒண்ணும் பண்றதுக்கில்லம்மா. ஊட்டுக்குக் கூட்டிட்டுப் போறதுன்னா போங்க" என்று உங்கள் டாக்டர் லிஃப்ட் வாசலில் நின்றபடி, போனைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "எங்க பக்கத்துல மாட்டுக்குச் சீக்குன்னாக்கூட டாக்டரு கட்டில்ல உக்காந்துதானுங்க சொல்லுவாரு" என்று கேட்டுவிட்டேன். அந்தம்மா என் போன் நம்பரைக் குறித்துக்கொண்டார். மூன்று மாதம் கழித்துப் போன் செய்தார். கடைசி நாட்களில் இருப்பவர்களிடமும் அவர்கள் வீட்டாரிடமும் எப்படிப் பேசுவது என்று நர்சுகளுக்கு வகுப்பு வைக்கிறார்களாம். "நோயாளியோட ஊட்டுக்காரம்மாவா வந்து உக்காருவீங்களா?" என்று கேட்டார். சரி என்றேன்.

நான் ஸ்டூலில் உட்காருவேன். பெண்கள் ஒவ்வொருவராக வந்து, என் வீட்டுக்காரர் பிழைக்க மாட்டார் என்று சொல்ல வேண்டும். எத்தனை தடவை கேட்டேன் என்று கணக்கே இல்லை.  கேட்டுக் கேட்டுப் பழகிவிட்டது. பையில் ஸ்டிக்கர் கிடந்தது, எடுத்து ஒட்ட ஆரம்பித்தேன். மணி பார்த்துக்கொண்டே பேசியவளின் வாட்சில் ஒன்று. கதவைப் பிடித்தபடி சொன்னவளின் கையில் ஒன்று. நான் வாய் திறப்பதற்குள் "கடவுள் பாத்துக்குவாரு" என்றவளின் காலரில் ஒன்று. சிரித்தார்கள், ஆனால் கற்றுக்கொண்டார்கள். இப்போது உட்கார்ந்து, மெதுவாகச் சொல்லி, சொன்ன பிறகு சும்மா இருக்கிறார்கள். அந்தச் சும்மா இருப்பதுதான் அவர்களுக்குப் பெரும்பாடு.

போன வாரம் எஸ்தர் என்றொரு பெண் வந்தாள். தூத்துக்குடிப் பக்கம், அப்பா அம்மா இங்கே நெருப்பெரிச்சல் ஊரில் பனியன் கம்பெனி வேலை. எல்லாம் ஒழுங்காகச் சொன்னாள். ஸ்டிக்கர் ஒட்ட ஓரிடமும் இல்லை. அப்புறம் உங்களைப் பற்றி, பாடத்தில் இல்லாத ஒன்றைக் கேட்டாள்.

"அண்ணாச்சி யாரையாவது பாக்கணும்னு கேட்டாவளாக்கா?"

 கேட்டீர்களே மாமா.

தன் மகள் கல்யாணப் பத்திரிகையை உங்கள் தம்பி தங்கவேலு வாட்சப்பில் அனுப்பியதற்குத்தானே அத்தனை ரோசம்? "நேர்ல வந்து வெத்தல பாக்கு வெச்சு அழைக்காம, போன்ல தள்ளி உடறதா சேதி?" என்று கல்யாணத்துக்கே போகவில்லை. நாலு வருஷம் பேச்சில்லை. அப்படிப்பட்டவர் கையில் டிரிப்ஸ் ஏறும்போது, "தங்கவேல ஒருக்கா பாக்கோணும் கண்ணு" என்றீர்கள்.

லிஃப்ட் வாசல் சேதியைக் கேட்டுவிட்டு அப்போதுதான் உள்ளே வந்திருந்தேன். தம்பியை வரச் சொன்னால் உங்களுக்கு விஷயம் தெரிந்துவிடும் என்று பயந்தேன். "ரெண்டே நாளு, ஊட்டுக்குப் போயிட்டு நாமளே வெள்ளகோவிலுக்கு உங்க தம்பி ஊட்டுக்குப் போலாமுங்க" என்றேன். தலையாட்டினீர்கள். நம்பித்தான் ஆட்டினீர்களா, இல்லை எனக்காகவா? மறுநாளே போய்விட்டீர்கள்.

உங்களுக்குப் பால் ஊற்றிய அன்று கொழுந்தனார் என்னிடம் வந்தார். "அண்ணன் என்னையக் கேக்கவே இல்லீங்களா?" என்றார். கேட்டார் என்றால், பிறகு ஏன் கூப்பிடவில்லை என்பாரே? "இல்லீங்க" என்றுவிட்டேன். ஒரு பொய்யை மறைக்க இன்னொன்று. அன்றிலிருந்து அந்த மனுசன் சரியாகச் சாப்பிடுவதில்லையாம். "செத்தும் எங்கண்ணன் என்னைய மன்னிக்கல" என்று சொல்லிக்கொண்டே இருக்கிறாராம். அவர் வீட்டுக்காரி போனில் அழுகிறாள். நானும் உச்சுக் கொட்டிவிட்டு வைத்துவிடுகிறேன். பாவி நான். டாக்டர் மேல் ஸ்டிக்கர் ஒட்ட மட்டும் முந்திக்கொண்டேன்.

எல்லாவற்றையும் எஸ்தரிடம் கொட்டிவிட்டேன். மற்றவர்களை மேட்ரனம்மா டீ குடிக்க அனுப்பினார். அந்தப் பெண் ஸ்டூலை எனக்கு எதிரே இழுத்துப் போட்டாள். "நான் உங்க கொழுந்தனா உக்காருதேன். சொல்லுங்கக்கா" என்றாள்.

முதல் தடவை மழை தண்ணி விசாரித்தேன். இரண்டாம் தடவை டாக்டரைத் திட்டினேன். "அவர விடுங்கக்கா. நீங்க என்ன செஞ்சிய?" என்றாள். மூன்றாம் தடவை சொல்லிவிட்டேன்.  தேறிவிட்டேன் என்று நினைத்தால், என் ஸ்டிக்கரிலேயே ஒன்றைப் பிய்த்து என் பையில் ஒட்டினாள்.

"தோள்ல பைய மாட்டிக்கிட்டே சொல்லுதியளேக்கா. எந்திச்சு ஓடப் போறியளா?"

அந்த ஸ்டிக்கரை இன்னும் எடுக்கவில்லை. வருகிற ஞாயிற்றுக்கிழமை காலை பஸ்ஸில் வெள்ளகோவில் போகிறேன் மாமா. போனில் தள்ளி விடமாட்டேன், உங்களுக்குத்தான் பிடிக்காதே. வாசலில் நிற்கவும் மாட்டேன். உள்ளே போய் உட்கார்ந்து, நீங்கள் கேட்டதையும் நான் மறைத்ததையும் சொல்லிவிட்டு, சும்மா இருப்பேன். அவர் திட்டினாலும், அழுதாலும், போடி என்று துரத்தினாலும் அவர் முடிக்கிறவரை எழுந்திருக்க மாட்டேன்.

பையைக் கீழே வைத்துவிட்டுத்தான் சொல்வேன். இது உங்கள் மேல் சத்தியம்.

இப்படிக்கு,
உங்களிடம் சொல்லாமல் விட்டதை உங்கள் தம்பியிடம் சொல்லப் போகும்
உங்கள் ஊட்டுக்காரி சாந்தாமணி