பிணமாக நடித்த பெருமை

லண்டன், மார்ச் 1954

அன்புள்ள அம்மாவுக்கு நெவில் எழுதுவது. அங்கே எல்லோரும் நலமா? அப்பாவின் இருமல் தேவலையா?

ஊரறிய ஓர் அறிவிப்பு: உங்கள் மகன் செவ்வாய்க்கிழமை காலமானான். அழ வேண்டாம். இங்கே எடுக்கும் மர்மப் படத்தில் பிணம் நான்தான். சின்னப் படம், தியேட்டரில் பெரிய படத்துக்கு முன்னால் துணைப் படமாகத்தான் ஓடும். ஆனால் கொலைகாரன் யாரென்று கடைசிவரை தெரியாது. கொலையுண்ட எனக்கே தெரியவில்லை! "இவ்வளவு அம்சமா செத்தவனை நான் பார்த்ததே இல்லடா" என்றார் இயக்குநர்.

குளிருக்குக் கம்பளிக் காலுறை அனுப்புங்கள். உங்கள் இஞ்சி கேக்கும் ஒரு துண்டு. இங்கே விற்பதில் உங்கள் கைமணம் இல்லை.

இன்னொன்று. பக்கத்து வீட்டு ஆக்டன் அம்மாவைப் படத்துக்குக் கூட்டிப் போகாதீர்கள். கேமரா ஓடும்போதே நாலு மணி டீ வண்டி மணியடித்தது. பிணம் எழுந்து உட்கார்ந்துவிட்டது. "செத்தவனுக்கு எதுக்குடா டீ?" என்று கத்திவிட்டு இயக்குநரும் கோப்பையோடு வரிசையில் நின்றார். இப்போது போர்வைக்குள் படுத்திருப்பது மணல்மூட்டை. வெளியே தெரியும் பூட்ஸ் மட்டும் என்னுடையது. படம் முடியும்வரை அதைத் திருப்பித் தரமாட்டார்களாம். காலுறை அதற்குத்தான்.

அவசரமாக, குளிரும் காலோடு,
நெவில்