மூணே முக்கால் அலாரம்

நவம்பர் 3, செவ்வாய்

அலாரம் மூணே முக்காலுக்கு அடித்தது. நான் எழுந்தது ஆறு பத்துக்கு. நடுவில் என்ன நடந்தது என்று தெரியாது. என் கைதான் அணைத்திருக்க வேண்டும். என் தலையணைக்கு அடியில் வேறு யார் கை வரப்போகிறது?

நடுராத்திரித் தஹஜ்ஜுத் தொழப் போய் விடியற்காலை ஃபஜ்ரும் போச்சு. கடமை இல்லாததற்கு ஆசைப்பட்டுக் கடமையைத் தொலைத்தாயிற்று. உள்ளதும் போச்சு நொள்ளைக்கண்ணா என்பார்களே, அது. மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கிறவள் சொல்லக் கூடாத பழமொழி.

எல்லாம் அக்கா சொல்லித்தான். "முப்பது ராத்திரி விடாம எழுந்து ரெண்டு ரக்அத் தொழுது கேளு. ஊரே தூங்குற நேரம், கேக்கறவங்களுக்குக் கொடுக்கற நேரம். மனசு லேசாகும், முகத்துல ஒளி வரும்."

ஒளி எனக்கு வேண்டாம். என் மகள் என்னோடு பேசினால் போதும்.

நவம்பர் 4, புதன்

இன்றும் ஆறு மணி. சொல்ல ஒன்றுமில்லை.

நவம்பர் 5, வியாழன்

எழுந்துவிட்டேன்! அலாரத்தைச் சமையலறையில் வைத்துவிட்டுப் படுத்தேன். ஓடிப் போய் அணைக்கும்போது கதவு நிலையில் கால் விரல் இடித்து, முதல் வார்த்தையாக என்ன வந்ததோ அதை எழுத மாட்டேன்.

இந்த வீட்டில் சத்தமில்லாமல் எதுவும் செய்ய முடியாது. சமையலறையை விட்டால் ஒரே அறை. நடுவில் பழைய படுக்கை விரிப்பைத் திரையாகக் கட்டியிருக்கிறேன். அந்தப் பக்கம் மகளின் கட்டிலும் மேசையும். இந்தப் பக்கம் இரும்பு பீரோவும் நானும். தொழுமுன் கை கால் கழுவி ஒளுச் செய்யக் குழாயைத் திறந்தால் அது இருமுகிறது. அவள் புரண்டு படுத்தாள்.

குடிவந்த அன்றே பீரோ மேல் போனை வைத்து, அதிலுள்ள திசைகாட்டியில் தொழும் திசையை, கிப்லாவைப் பார்த்தேன். முள் திரையைக் காட்டியது. பாயைத் திரையைப் பார்த்து விரித்தேன். தொழுது முடித்ததும் கையேந்தி, எல்லாவற்றையும் மெல்லிய குரலில் சொன்னேன். சொல்லாமல் நினைத்தால் எனக்குத் துஆ கேட்ட மாதிரியே இருக்காது. யா அல்லாஹ், என் வீட்டுக்காரர் இறந்த பிறகும் இரண்டு வருஷம் அவர் அண்ணன், மச்சான் வீட்டிலேயே இருந்து அடுத்தவர் அடுப்பில் சமைத்தேன். சொந்தமாக ஒரு கதவு வேண்டும் என்று நினைத்தது தப்பா? அங்கிருந்து கூட்டி வந்ததற்காக இந்தப் பெண் ஏழு வாரமாக என்னை 'நீங்க' என்கிறாள். அதுவரை 'நீ' என்றவள்! கோபம் வந்தால்தான் அவளுக்கு மரியாதை வரும்.

நன்றாக அழுதேன். பிறகு ஃபஜ்ர் வரைக்கும் தூங்காமல் உட்கார்ந்திருந்ததுதான் பெரிய சாதனை.

நவம்பர் 9, திங்கள்

ஐந்து ராத்திரி ஆயிற்று. பலன் பாருங்கள்.

டிரைவிங் கற்றுக்கொடுக்கிறவர் ஒருவர் சனிக்கிழமை வாங்கிப் போன கண்ணாடியோடு திரும்பி வந்தார். "தரை சாஞ்சு தெரியுதும்மா. மாடிப்படில விழப் பாத்தேன்." லென்ஸை மீட்டரில் வைத்துப் பார்த்தால், பத்து டிகிரியில் வைக்க வேண்டிய அச்சை நூறில் வைத்து வெட்டியிருக்கிறேன். பதினோரு வருஷத்தில் இப்படி ஒரு தப்பு செய்ததில்லை.

முதலாளி கேட்டார், "தூங்கிக்கிட்டே வெட்டினியா?"

நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். "ராத்திரி எழுந்து தொழறேன் சார்," என்றேன். ஏதோ பதக்கம் கொடுப்பார் என்கிற மாதிரி.

"தொழு. யார் வேணாம்னா? அது உனக்கும் அல்லாவுக்கும். இந்தக் கண்ணாடி எனக்கும் இவருக்கும்."

கவுன்ட்டரில் இருக்கும் பெண் சாப்பாட்டு நேரத்தில் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "அக்கா, உடம்பு சரியில்லையா? கண்ணுக்குக் கீழ கருகருன்னு இருக்கு."

ஒளி!

நவம்பர் 11, புதன்

மாதவிலக்கு. தொழுகை இல்லை. முப்பது என்கிற கணக்கு ஆறோடு நின்றது. அக்காவிடம் போனில் எரிந்து விழுந்தேன்.

"முப்பதுன்னு நான் ஒரு பேச்சுக்குச் சொன்னேன்டி. அல்லா என்ன ஆஜர் எடுக்கிறானா? படுத்துக்கிட்டே கேளு, கேக்கறதுக்கு என்ன தடை?"

அவளுக்கென்ன, மூன்று பிள்ளைகளும் வாய் ஓயாமல் பேசுகிறார்கள்.

நவம்பர் 12, வியாழன்

படுத்துக்கொண்டே கேட்டேன். பாதியில் தூங்கிவிட்டேன்.

நவம்பர் 20, வெள்ளி

மச்சான், அதாவது அவளுடைய பெரியத்தா, கடைக்கே போன் செய்தார். குரலில் அத்தனை பிரியம்.

"பரீட்சை அடுத்த மாசம் பன்னெண்டாம் தேதி முடியுதாமே. அதுக்கப்புறம் இங்கயே வந்து இருக்கேன்னு பிள்ள கேட்டுச்சு. பழைய ஸ்கூல்லயே சேத்துடறேன். நீ ஒண்ணும் மனசுல வச்சுக்காதம்மா."

கேட்டாளாம். அவரிடம் கேட்டிருக்கிறாள்! எனக்கு மூன்றாம் மனுஷர் மூலமாகச் செய்தி வருகிறது. கையில் இருந்த பிரேமின் காதுக் கம்பி உடைந்தது. அதையும் என் பேரில் எழுதிக்கொண்டார்கள்.

வீட்டுக்கு வந்து ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டால் கத்துவேன் என்று எனக்கே தெரியும். வைத்துக்கொண்டேன், மூணே முக்காலுக்கு.

நவம்பர் 21, சனி

ராத்திரி துஆவில் விட்டு வாங்கிவிட்டேன். யா அல்லாஹ், நீயே பார். ஈரத் துண்டைக் கட்டில் மேலேயே போடுகிறாள். சமைத்து வைத்தால் முகத்தைச் சுளிக்கிறாள். பெரியத்தா மகளோடு ஒரு மணி நேரம் போனில் சிரிப்பு, எனக்கு ஒரு 'ம்'. பதினாறு வயதில் இவ்வளவு கல் மனசா? யாருக்காக நான் காலையிலிருந்து நின்றுகொண்டே லென்ஸ் வெட்டுகிறேன்? அவள் மனதைத் திருப்பு, அவளுக்குப் புத்தியைக் கொடு, தாய் அருமை தெரியட்டும்.

சொல்லி முடித்தபோது பாரம் இறங்கிய மாதிரி இருந்தது. அக்கா சொன்ன 'மனசு லேசாகும்' இதுதான் போலிருக்கிறது.

நவம்பர் 23, திங்கள்

லேசாவதாவது!

காலையில் அவள் கட்டிலில் ஈரத் துண்டு. எடுத்து வீசினேன். பள்ளிக்கூடப் பையை மாட்டிக்கொண்டு நின்றவள் திரும்பினாள். ஒன்பது வாரத்தில் அவள் பேசிய மிக நீளமான பேச்சு இதுதான். அப்படியே எழுதி வைக்கிறேன்.

"இதையும் இன்னிக்கு ராத்திரி சொல்லிடுங்க."

"என்னத்தச் சொல்ல?"

"அல்லாகிட்ட. துண்டைப் பத்தி. திரைக்குப் பின்னாடிதான படுத்திருக்கேன், எல்லாம் கேக்குது. நான் கல் மனசு, எனக்குப் புத்தி இல்ல, சாப்பாட்டுக்கு மூஞ்சியச் சுளிக்கிறேன். தினமும் என்னை எழுப்பி வச்சு என்னைப் பத்தியே புகார். ஈரத் துண்டெல்லாம் அல்லாவுக்குத் தெரிஞ்சே ஆகணுமா? எனக்காக ஒண்ணாவது கேட்டீங்களா?"

வீசிய துண்டைக் குனிந்து எடுத்தேன். கதவு வரைக்கும் போனவள் நின்றாள்.

"அப்புறம், கிப்லா இந்தப் பக்கம் இல்ல. நீங்க என் கட்டிலைப் பாத்துத்தான் தொழறீங்க. வந்த முதல் வாரமே எனக்குத் தெரியும்."

"ஏன்டி சொல்லல?"

"என்கிட்ட எதையாவது எப்பவாவது கேட்டிருக்கீங்களா? வீடு மாறினதைக் கேட்டீங்களா?"

போய்விட்டாள். சோற்று டப்பாவை எடுத்துப் போகவில்லை.

நவம்பர் 24, செவ்வாய்

துணி காயப்போட மொட்டை மாடிக்குப் போனேன். இரண்டு தெரு தள்ளி இருக்கும் பள்ளிவாசலின் பின்சுவர் அங்கிருந்து நன்றாகத் தெரிகிறது. இமாம் நிற்கும் இடம் வெளியே வயிறு மாதிரி புடைத்திருக்கிறது. அது பார்க்கும் திசை வேறு, என் பாய் பார்க்கும் திசை வேறு. தினமும் அதே கொடியில்தான் துணி போடுகிறேன்.

கீழே வந்து போனை பீரோ மேல் வைத்தேன். முள் திரையைக் காட்டியது. கையில் எடுத்துக்கொண்டு அறை நடுவில் நின்றேன். முள் ஆடி அசைந்து நாள்காட்டி மாட்டிய சுவருக்குப் போனது. பீரோ இரும்பு! நாற்பது டிகிரி பிசகு. ஒரு டிகிரி மாறினாலும் தலைவலி வரும் சார் என்று கடையில் வகுப்பெடுக்கிறவள் நான்.

போனில் சொன்னபோது அக்கா முதலில் சிரித்தாள். பிறகு, "தெரியாம நின்னதுக்கு அல்லா குத்தம் பிடிக்க மாட்டான். தெரிஞ்சப்புறம் சரியா நில்லு. மத்ததை விவரம் தெரிஞ்ச ஆலிம்கிட்ட கேட்டுக்கலாம்," என்றாள்.

துண்டு விஷயத்தை அவளிடம் சொல்லவில்லை. வெட்கமாக இருந்தது.

நவம்பர் 26, வியாழன்

நாள்காட்டிச் சுவரைப் பார்த்துத் தொழுதேன். ஸஜ்தாவில் நெற்றியைத் தரையில் வைத்தபோது வழக்கம்போலப் புகார் நாக்கு வரைக்கும் வந்தது. விழுங்கிவிட்டேன். கையேந்தினேன். அவளுக்காகக் கேள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

என்ன கேட்பது?

நல்ல படிப்பு, நல்ல மாப்பிள்ளை, நீண்ட ஆயுள். இதெல்லாம் யார் வேண்டுமானாலும் யாருக்கு வேண்டுமானாலும் கேட்பது. கவுன்ட்டர் பெண்ணுக்காகக்கூட இதைக் கேட்கலாம். என் மகளுக்கு இன்றைக்கு என்ன வேண்டும்? எனக்குத் தெரியவில்லை. வயிற்றில் சுமந்து பெற்றவளுக்குத் தெரியவில்லை. புகார் என்றால் பட்டியல் இருக்கிறது.

ஆத்திரமாக வந்தது. அவள் மேல் இல்லை. வெறுங்கையோடு உட்கார்ந்திருந்தேன்.

நவம்பர் 28, சனி

தூங்கிவிட்டேன். நல்லதுதான், போய் நின்றாலும் சொல்ல ஒன்றுமில்லை.

நவம்பர் 30, திங்கள்

கேட்டுவிட்டேன். பாத்திரம் கழுவிக்கொண்டே, அவள் முகத்தைப் பார்க்காமல் கேட்டேன். "உனக்காக என்ன துஆ கேக்கட்டும்?"

பதில் வராது என்றுதான் நினைத்தேன். திரைக்குப் பின்னாலிருந்து வந்தது. "கெமிஸ்ட்ரி. நாலாவது பாடம் ஒண்ணும் புரியல."

"சரி."

பத்து நிமிஷம் இருக்கும். தண்ணீர் குடிக்க வந்தவள் டம்ளரைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "அத்தா என் கனவுல வரணும். ஒரு தடவைகூட வரல."

தண்ணீரைக் குடிக்காமலேயே போய்விட்டாள்.

அவர் என் கனவில் வருகிறார். மாதத்துக்கு ஒருமுறையாவது வருவார், செருப்பைத் தேடிக்கொண்டு. ஒருநாளும் நான் அவளிடம் சொன்னதில்லை. எனக்கு மட்டும் நடந்த இழப்பு போல இரண்டு வருஷமாகப் பொத்தி வைத்திருந்தேன். அவர் இருந்தபோதே நாங்கள் குடியிருந்த அந்த வீட்டில் அவர் உட்கார்ந்த நாற்காலி இருக்கிறது, அவர் எழுத்தில் அவள் உயரத்தைக் குறித்த சுவர் இருக்கிறது. நான் கதவு வேண்டும் என்று கிளம்பி வந்தேன். அவள் எதை விட்டுவிட்டு வந்தாள் என்று நினைத்துக்கூடப் பார்க்கவில்லை.

டிசம்பர் 1, செவ்வாய்

மூணே முக்காலுக்கு அலாரம் வேண்டியிருக்கவில்லை. இரண்டே இரண்டு கேட்டேன். கெமிஸ்ட்ரி, கனவு. வாய் திறக்காமல். எனக்கு அது துஆ மாதிரியே இல்லை. ஆனாலும் கேட்டேன்.

டிசம்பர் 4, வெள்ளி

அவளிடம் சொன்னேன், "இங்க வர்றதுக்கு முன்னாடி உன்னைக் கேட்டிருக்கணும். கேக்கல. என் தப்பு." அவர் செருப்புத் தேடும் கனவையும் சொன்னேன். "எந்தச் செருப்பு?" என்று மட்டும் கேட்டாள். பிரவுன் என்றேன். அதற்குமேல் பேச்சில்லை.

கடையில் கவுன்ட்டர் பெண், "கண்ணு இன்னும் கருப்பாத்தான் இருக்குக்கா," என்றாள். இருக்கட்டும் போ.

டிசம்பர் 7, திங்கள்

கட்டிலுக்கு அடியில் பயணப் பை. நிரம்பி, ஜிப் போட்டு இருக்கிறது.

இத்தனை ராத்திரிக்குப் பிறகும் இதுதானா? தப்பை ஒப்புக்கொண்டேன், திசையை மாற்றினேன், வாயைக் கட்டினேன். இன்னும் என்ன செய்ய வேண்டும் நான்? கேட்கிறவர்களுக்குக் கொடுக்கிற நேரம் என்றார்களே, என் முறை எப்போது வரும்?

அவளிடம் சண்டை போடவில்லை. "போகணும்னு தோணினா போ. இதுவும் உன் வீடுதான்," என்றேன். குரல் நடுங்கியது. அதையும் கேட்டிருப்பாள், அவளுக்குத்தான் எல்லாம் கேட்குமே.

டிசம்பர் 9, புதன்

சாயங்காலம் என் எதிரிலேயே பெரியத்தாவுக்கு போன் செய்தாள். "லீவுக்கு மட்டும் வரேன் பெரியத்தா. பத்து நாள். ஸ்கூல் இங்கயே இருக்கட்டும்." காரணம் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. அடுத்த மாதம் என்ன சொல்வாளோ, அது அப்போது.

ஆனால் எழுத உட்கார்ந்தது விடியற்காலையில் நடந்ததை.

நேற்றிலிருந்து மாதவிலக்கு, எனக்குத் தொழுகை இல்லை. பாயை மடித்து பீரோ மேல் வைத்துவிட்டேன். அலாரத்தை நிறுத்த மறந்து, போனைத் தலையணைக்கு அடியிலேயே வைத்துப் படுத்துவிட்டேன். மூணே முக்காலுக்கு அலறியது. நான் கையை நீட்டுவதற்குள் இன்னொரு கை தலையணைக்கு அடியில் வந்து அதை அணைத்தது.

"நீ படும்மா. உனக்குத்தான் இன்னிக்கு இல்லைல்ல. நான் எழுந்துக்கறேன்."

கண்ணை மூடியபடியே கிடந்தேன். கட்டிலுக்கு அடியிலிருந்து பையை இழுக்கும் சத்தம். ஜிப் திறக்கும் சத்தம். தொழுகைத் துப்பட்டாவை அதற்குள் வைத்திருந்தாள். குழாய் இருமியது. பீரோ மேலிருந்து என் பாயை எடுத்து, நாள்காட்டிச் சுவரைப் பார்த்து விரித்தாள்.

தொழுது முடித்ததும் மெல்லிய குரல் ஆரம்பித்தது. என்னைப் போலவேதான், சொல்லாமல் கேட்கத் தெரியாது போலிருக்கிறது. "யா அல்லாஹ், எங்கம்மா" என்றது காதில் விழுந்தது.

அதற்குமேல் கேட்கக் கூடாது. எழுந்து சமையலறைக்குப் போய்க் கதவைச் சாத்தினேன். பெரிய குடத்தை வைத்துக் குழாயை முழுசாகத் திறந்துவிட்டேன். என்ன சொன்னாளோ. புகாரென்றால் என்னைப் பற்றி நிறைய இருக்கும், நிதானமாகச் சொல்லட்டும். குடம் நிரம்பி வழிந்து கால் நனைந்த பிறகும் நான் குழாயை மூடவில்லை.