கொட்டகையை விட்டு வராத கப்பல்

விருத்தாசலம்
12.2.2008

அன்பு மகள் மணிபாரதிக்கு அம்மா எழுதுவது. கொளஞ்சியப்பர் புண்ணியத்தில் நானும் அப்பாவும் நலம், மும்பையில் நீயும் வேளைக்குச் சாப்பிட்டு நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன். உன் கப்பலும் நலம், அதுதான் இங்கே இப்போது பெரிய தொல்லை. போனில் சொன்னால் பாதியிலேயே சிரித்து வைத்துவிடுவாய், அதனால் உட்கார்ந்து எழுதுகிறேன்.

கப்பல் வேலைக்குப் படிக்கிற பிள்ளைகளுக்குக் கடலைக் கெடுக்காமல் பிழைக்கச் சொல்லிக்கொடுக்க ஒரு பீங்கான் கப்பல் வேண்டும், சோற்றுக் கழிவுக்கு ஓர் அறை, பிளாஸ்டிக்குக்கு ஓர் அறை, எண்ணெய் கலந்த தண்ணீருக்கு ஓர் அறை, மேசைமேல் வைக்கிற அளவு போதும் என்று படம் போட்டு அனுப்பினாய். அடுத்த மாதம் அதிகாரிகள் முன்னால் அதை வைத்துப் பாடம் நடத்தினால்தான் வேலை நிரந்தரம் என்றும் எழுதியிருந்தாய். அன்றிலிருந்து அப்பாவுக்குத் தூக்கமில்லை. சூளையில் வெந்தால் மண் சுருங்கும் என்று இந்த வீட்டில் பிறந்த உனக்குத் தெரியாதா, அளவைக் கூட்டித்தான் போட்டிருந்தாய். அதை எங்களிடம் சொன்னாயா? அப்பா தன் பங்குக்குக் கூட்டினார். அச்சு செய்கிற நல்லமுத்து, இது புது மண்ணு, ரொம்பத்தான் சுருங்கும்னு அவரும் தாராளமாகக் கூட்டினார். பிள்ளைகள் சுற்றி நின்று பார்க்க வேண்டுமே என்று நானும் கொஞ்சம் கூட்டச் சொன்னேன். மண்ணோ பேருக்குத்தான் சுருங்கியது. துண்டு துண்டாகச் சுட்டு, வாடகைக் கொட்டகைக்குள் வைத்து ஒட்டி முடித்துப் பார்த்தால், அடி ஆத்தே, அப்பா காலை நீட்டிப் படுக்கலாம்! கதவு வழியாக வராது. பிரித்தால் உடைந்துபோகும்.

கொட்டகைக்காரர் தர்மராஜ் கொளஞ்சியப்பர் கோயிலுக்குப் போய், கப்பல் என் கொட்டகையை விட்டுப் போகணும் சாமி என்று சீட்டில் பிராது எழுதி வேலில் கட்டிவிட்டு வந்துவிட்டார். அப்பா சும்மா இருப்பாரா? கதவைப் பெருசாக்க தர்மராஜுக்கு நல்ல புத்தி குடு சாமின்னு அவரும் ஒரு பிராது கட்டினார். சாமி யார் பக்கம் பேசும், பாவம்.

இதற்கு நடுவே அடுத்த வீட்டு ஆதிலட்சுமி, ஏதோ தொட்டி என்று நினைத்து எச்சில் இலையைப் பிளாஸ்டிக் அறையில் போட்டுவிட்டாள். அப்பா கத்தின கத்து பஸ் ஸ்டாண்டு வரை கேட்டிருக்கும். இது கடல் சட்டமாம், மாற்றிப் போடக்கூடாதாம். இப்போது தெருவே குப்பையைப் பிரித்துக்கொண்டு வந்து கொட்டுகிறது. ஆதிலட்சுமி வாசலில் நின்றுகொண்டு, ஏம்மா, அது சோத்து அறை, கவருக்கு அந்தாண்ட போங்க என்று எல்லாரையும் விரட்டுகிறாள். வறுத்த எண்ணெயைத் தனியாக எடுக்காமல் வாணலியைக் கழுவ எனக்கே பயமாக இருக்கிறது.

நேற்று தர்மராஜ் இறங்கி வந்தார். சரிங்க, பொண்ணு வேலையாச்சே, செவுத்தையே இடிச்சு எடுத்துக்கோங்க என்றார். அப்பாவும் நல்லமுத்தும் கடப்பாரையோடு கிளம்பினார்கள். நான் சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டேன். யாராவது செங்கல்லைத் தொட்டுப் பாருங்கள் என்றேன். பைத்தியம் பிடித்துவிட்டதா என்று அப்பா கேட்டார். ஆமாம், பிடித்துவிட்டது. இரண்டு பொங்கலுக்கு நீ வரவில்லை. லீவு இல்லை, ஆள் இல்லை, பரீட்சை. நானும் சரி சரி என்று போனை வைத்துவிட்டு அடுப்படியில் அழுதேன்.

எழுந்து போய் உங்கள் பிரின்சிபாலுக்கே போன் போட்டேன். தமிழ்க்காரர்தானே, நன்றாகப் பேசினார். அந்தப் பாடத்தை இங்கே வந்து நடத்தச் சொன்னேன். விருத்தாசலத்தில் கடல் எந்தப் பக்கம் அம்மா என்று கேட்டார். கடல் இல்லைங்க, கப்பல் இருக்குது, தெருவே குப்பை பிரிக்குது, வந்து பாருங்க என்றேன். சிரித்துச் சிரித்து, பிள்ளைகளையும் அதிகாரிகளையும் கூட்டிக்கொண்டு வருவதாக ஒப்புக்கொண்டார். உன்னிடம் நானே சொல்லிக்கொள்வதாகவும், அதுவரை அவர் வாயைத் திறக்க வேண்டாம் என்றும் கேட்டுக்கொண்டேன்.

நல்லபடியாகப் பாடம் நடத்தி வேலை நிலைத்து நூறு வயசு இரு, கண்ணு. ரயிலில் ஜன்னலோரம் தூங்கிவிடாதே, சங்கிலி பத்திரம். லீவு கிடைக்கவில்லை என்றுதானே சொன்னாய்? இப்போது உன் வேலையே நம்மூருக்கு வருகிறது. இனி என்ன சொல்லித் தப்பிப்பாய், பார்க்கிறேன்.

இப்படிக்கு,
சுவரை இடிக்க விடாத உன் அம்மா
கொளஞ்சியம்மாள்