வெயிலில் வந்த ஆறு

முந்தாநாள் காலை, குடை எடுக்காமல் வெளியே போவது என்று முடிவெடுத்தேன். எளிதில் எடுத்த முடிவல்ல. வானத்தைக் கேட்டேன், கைப்பேசியைக் கேட்டேன், என் மனைவியையும் கேட்டேன். மூன்று தரப்பும் மூன்று விதமாகச் சொன்னதால் பெரும்பான்மை அமையவில்லை. குடை ஆணியிலேயே தங்க, தியாகதுருகம் பஸ்ஸைப் பிடிக்க நான் ஆற்றங்கரைக்கு நடந்தேன்.

ஐப்பசி வெயில் மண்டையைப் பிளந்தது. அப்போது மேற்கிலிருந்து ஒரு காற்று வந்தது. குளிர்ந்த காற்று, ஊறிப்போன மூங்கில் சருகின் வாடை. உடனே, கூட்டாளி, நீ என் பக்கத்தில் வந்து நின்றாய், லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு. நீ போய்விட்ட செய்தி அந்த வாடைக்கு இன்னும் எட்டவில்லை போலிருக்கிறது.

அன்றும் இதே வெயில். வறண்ட ஆற்றின் குறுக்கே கிடந்த தரைப்பாலம் பஸ் போவதற்கு என்பது அதைக் கட்டியவர்களின் கருத்து. நமக்கு அது களம். கல் இல்லை, மண் இல்லை, இரண்டு பக்கமும் காற்று. உன் ஒரு போக மக்காச்சோளம் முழுதும் அதன்மேல் காய்ந்துகொண்டிருந்தது. அஞ்சலையும் இன்னும் சில பெண்களும் அதைக் காலால் கிளறிக்கொண்டிருந்தார்கள். நீயும் நானும் கரையில் புங்கமரத்தடியில் உட்கார்ந்து நாட்டைத் திருத்திக்கொண்டிருந்தோம்.

சட்டென்று பேச்சை நிறுத்தி மூக்கை உயர்த்தினாய். நானும் அண்ணாந்து பார்த்தேன்.

"மேல இன்னாடா பாக்கற? மேக்கால பாரு."

கல்வராயன் மலை இருந்த இடத்தில் மலை இல்லை. கறுப்பு மட்டும் இருந்தது.

நீ பாலத்துக்கு ஓடினாய். "ஏய், எல்லாரும் கரைக்கு வாங்க! தண்ணி வருது!"

யாரும் அசையவில்லை. அவர்களைக் குற்றம் சொல்ல முடியாது. நீ சொன்ன மழை எதுவும் அதுவரை பெய்ததில்லை.

"இன்னாண்ண, காலையிலியே ஏத்திக்கினு வந்துட்டியா?" என்றாள் அஞ்சலை. "மானத்துல ஒரு பொட்டு மேகம் கெடையாது."

"மழ மலமேல பேஞ்சிடுச்சி. சோளத்த வுட்டுட்டு வா புள்ள!"

"வுட்டுட்டு வர்றதா? இரு, வாரி மூட்ட கட்டிட்டு வர்றோம்."

அவர்கள் கோணியை விரித்தார்கள். சோளம் அங்கே இருக்கும்வரை அவர்களும் அங்கேதான் இருப்பார்கள் என்பது உனக்குப் புரிந்துவிட்டது. தள்ளுபலகையை எடுத்தாய். நாலு மாத உழைப்பை, பெரிய குவியலிலிருந்து தொடங்கி, நீயே ஆற்றுக்குள் தள்ள ஆரம்பித்தாய்.

"ஐயோ, இந்தாளுக்குப் பித்து புட்சிகிச்சி!"

"ஆமாம், புட்சிகிச்சி! இனிமே காப்பாத்த இன்னா கீது இங்க? போங்க கரைக்கு!"

உன்னைப் பிடித்துக் கட்ட ஆள் கூப்பிடத்தான் அவர்கள் கரையேறினார்கள். பலகையைப் போட்டுவிட்டு நீயும் பின்னாலேயே ஏறினாய்.

வந்ததை முதலில் ஆறு என்று நான் அறியவில்லை. சருகும் சுள்ளியும் நுரையும் சேர்ந்த இடுப்பளவு வேலி ஒன்று, வறண்ட மணல்மேல் தானாக நடந்து வந்தது. சத்தம் அதற்குப் பின்னால் வந்தது. சத்தத்துக்குப் பின்னால் ஆறு. தலைக்குமேல் நீல வானம்; கண்முன்னே செம்மண் நிறத்தில் மலையே கரைந்து போய்க்கொண்டிருந்தது. ஒரு மூங்கில் புதர் சாயாமல், நின்ற நிலையிலேயே, ஊர்வலம் போல நம்மைக் கடந்தது. மிச்சமிருந்த சோளம் ஒரு கணம் மஞ்சள் சேலையாய் விரிந்து மறைந்தது. பாலம் மூழ்கி, இருந்த இடம் தெரியவில்லை. எதற்கும் ஒரு கருத்து வைத்திருக்கும் நான் அன்று கையெடுத்துக் கும்பிட்டேன். இன்றும் அதை நினைத்தால் கை தானாகக் கும்பிடப் போகிறது.

முதலில் பேசியவள் அஞ்சலைதான். "ஆறு மட்டும் வராம இருந்திருந்தா உன்ன இந்த மரத்துலயே கட்டிப் போட்டிருப்போம்ணே."

நீ சிரித்தாய். அதற்குப் பிறகுதான் உட்கார்ந்து அழுதாய்.

உயரமான பாலம் வேண்டும் என்று நீ கேட்காத ஆள் இல்லை. நீ போன பிறகு அது வந்தது. அகலமான, உறுதியான பாலம். எந்த வெள்ளமும் எட்டாது. ஆகவே ஊர் மக்காச்சோளம் முழுதும் இப்போது அதன்மேல்தான், இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம்வரை, காய்கிறது. காயும் தானியத்தின்மேல் சக்கரம் ஏற்றுவது பாவம் என்பதால் பஸ் பழைய தரைப்பாலத்தில் போகிறது.

முந்தாநாளும் பஸ் அதில் இறங்கத்தான் வந்தது. நான் குறுக்கே போய்க் கையை விரித்து நின்றேன்.

"யோவ் பெருசு, வூட்ல சொல்லிக்கினு வந்தியா?" என்றார் டிரைவர்.

"மேல பாக்காத தம்பி. மேக்கால பாரு."

அவர் பார்த்தார். பஸ்ஸைப் பின்னால் எடுத்தார். நீ விட்டுப்போனதில் என்னிடம் இருப்பது அந்த ஒரு வாக்கியம்தான். அதைச் சொல்லும்போது குரல்கூட உன்னுடையதாகிவிடுகிறது.

கொஞ்ச நேரத்தில் ஆறு வந்தது, அதே வெயிலில்.

மேலே பாலத்தில் மக்காச்சோளம் நனையவில்லை. பஸ் மறுநாள் மதியம் போயிற்று.