மலையண்ணானில் நான் இழுத்த சிவப்புக் கோடு

என் அன்பு அண்ணனுக்கு,

நீ இருந்தபோது உன் கடிதம் ஒன்றுக்கு நான் பதில் போடவில்லை. கீரிப்பாறைக் காட்டில் பாரஸ்டு கார்டாக இருந்த நீ, நான்கு பக்கம் மலையணிலைப் பற்றி எழுதி, கடைசியில் ஒரு கேள்வி கேட்டிருந்தாய். ஆடியில் காய்ச்சல் உன்னைக் கொண்டுபோனது. இது கார்த்திகை. பதிலை இன்றுதான் எழுதுகிறேன்.

கொட்டாரத்தில் பிறந்த நாம் அணில் என்போம். நீ மேற்கத்தி ஆட்களோடு வேலை பார்த்து, அவர்களைப் போலவே ‘மலையண்ணான்’ என்று எழுதியிருந்தாய். நம் தமிழ்த் தாலூகாக்களை மலையாளச் சீமையிலிருந்து பிரிக்கச் சொல்லி ஊரே கொதித்துக்கொண்டிருந்த வருஷம் அது. மலையாளம் கலந்துவிட்டதே என்று எனக்கு ஆத்திரம். ஏழு இடத்திலும் சிவப்பு மையால் அடித்து, மேலே ‘மலையணில்’ என்று திருத்தி, அந்தக் கடிதத்தையே உனக்குத் திருப்பி அனுப்பினேன். கேள்வியைப் பொருட்படுத்தவே இல்லை.

சுசீந்திரம் தேருக்கு வந்தபோது நீ சிரித்தாய். “ஏட்டி வாத்திச்சி, அண்ணனுக்கும் அண்ணானுக்கும் ஒரு காலுதான் வித்தியாசம். அதையும் நீ வெட்டிப்போட்டா நான் எப்பிடி மரம் ஏற?”

நானும் சிரித்தேன். அதன் பிறகு உன் கடிதங்களில் அணிலே வரவில்லை. ‘நலம். இங்கு மழை உண்டு.’ அவ்வளவுதான். அது ஏன் என்று நான் கேட்டேனா?

போன வாரம் மதினி உன் பெட்டியிலிருந்து அந்தக் கடிதத்தை எடுத்துத் தந்தாள். “அவிய ஒன் பதிலுக்குத்தான் பாத்துக் கெடந்தாவ. ‘அவ படிச்சவளாக்கும், யோசிச்சு எழுதுவா’ண்ணு சொல்லுவாவ. பொறவு அதைப் பேசுகதையே விட்டுட்டாவ.”

நம் மலையில் இருப்பது செங்கறுப்பு. நீ முன்பு வேலை பார்த்த மறையூர் வறண்ட காட்டில் இருப்பது சாம்பல் பூசியது போல நரைத்தது. இரண்டும் ஒரே இனமா, வேறா? வேறென்றால் எப்போது வேறானது? இதுதான் நீ கேட்டது.

வேறுதான், அண்ணா. உன் கண் பிழை செய்யவில்லை. நான் படித்து அறிந்தவரையில் சொல்கிறேன். எப்போதோ காடு ஒன்றாய்க் கிடந்திருக்கும். மழை குறைந்து நடுவில் மரங்கள் அற்றுப்போயிருக்கும். மண்ணில் இறங்க அஞ்சுகிற பிராணிக்கு மரமில்லாத ஒரு மைல் என்பது கடல். இரண்டு பக்கத்துக்கும் பெண் கொண்டு கொடுப்பது நின்றுவிடும்.

எந்த ஈற்றிலும் குட்டிகள் ஒன்றுபோல் இருப்பதில்லை. ஒன்று சற்று வெளுப்பு, ஒன்று சற்று கறுப்பு. இலையுதிர்ந்த காட்டில் கறுத்தது பருந்தின் கண்ணில் முதலில் படும். வெளுத்தது பிழைத்துக் குட்டி போடும். எந்த அணிலும் தன் நிறத்தைத் தானே மாற்றிக்கொள்வதில்லை. எஞ்சியவைதான் தலைமுறை தலைமுறையாக வேறாகின்றன. குரலும் இணைசேரும் காலமும்கூட மாறுகின்றன. பிறகு என்றோ இரண்டும் ஒரே கிளையில் சந்தித்தாலும், ஒன்றை ஒன்று துணையாக அறிவதில்லை. அப்போது அவை இரண்டு இனம். எந்தத் தலைமுறையில் என்றால், அதற்குக் கோடு போட என்னால் முடியாது.

வகுப்பில் என்றால் இதற்கு என்ன உதாரணம் சொல்லியிருப்பேன் என்று யோசித்தபோது உன் கடிதம் மடியில் விரிந்து கிடந்தது. அணில், அண்ணான். ஒரே வேரில் பிறந்து, மலைக்கு இந்தப் பக்கம் ஒன்றும் அந்தப் பக்கம் ஒன்றுமாய் வளர்ந்த சொற்கள். உதாரணத்தை நீ ஏழு முறை எழுதி அனுப்பியிருக்கிறாய். ஏழு முறையும் நான் அதைப் பிழை என்று அடித்திருக்கிறேன்.

போன மாதம் நம் தாலூகாக்கள் சென்னை ராஜ்யத்தோடு சேர்ந்துவிட்டன. கொட்டாரம் கடைகளில் மிட்டாய் கொடுத்தார்கள். நீ இருந்தால் இரண்டு மிட்டாய் வாங்கித் தின்றுவிட்டு, “புது எல்லை மலையண்ணானுக்குத் தெரியுமாட்டி?” என்று கேட்டிருப்பாய், இல்லையா?

பள்ளிக்கூடத்திலிருந்து ஓய்வு பெற்றும் சிவப்பு மைக்குப்பியை நான் விடவில்லை. இன்று காலை அதைக் கிணற்றடியில் கொட்டிக் கழுவினேன். தை பிறந்ததும் மதினியோடு கீரிப்பாறைக்குப் போவேன். நீ நின்று பார்த்த மரத்தடியில் நின்று, அந்தப் பிராணி கிளைவிட்டுக் கிளை பாயும்போது, அந்த ஊரார் கூப்பிடுகிற பெயராலேயே கூப்பிடுவேன். ஒரு கால்கூடக் குறைக்க மாட்டேன்.

உன் தங்கை,
வாத்திச்சி